இம்பிளான்ட்டில் மாட்டும் பல் செட்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். டாக்டர் சொல்வதற்கெல்லாம் உள்ளே தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் "அவர் என்ன சொன்னாரு, கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. பாலக்கோட்டிலிருந்து வருகிறவரும் ஊத்தங்கரையிலிருந்து வருகிறவரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைத்துப் பதில் தொகுத்திருக்கிறேன். மருத்துவ விவரங்களை எங்கள் டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். உங்கள் வாய்க்கு எது பொருந்தும் என்பதை, வாயைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

"இம்பிளான்ட் வெச்ச பல் செட்டுன்னா என்னங்க? எங்க அப்பாகிட்ட இருக்கற செட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

சாதாரணப் பல் செட் ஈறின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எச்சிலின் ஒட்டலும், கன்னமும் நாக்கும் பழகிக்கொண்ட விதமும்தான் அதைப் பிடித்துவைக்கின்றன. இம்பிளான்ட் செட் போடும்போது தாடை எலும்புக்குள் டைட்டானியத்தால் ஆன சின்னத் திருகுகளைப் பதிக்கிறார்கள். அவற்றின் தலைப்பகுதி ஈறுக்கு மேலே கொஞ்சம் தெரியும். செட்டின் உட்பக்கத்தில் அதற்கு ஜோடி இருக்கும். ரவிக்கையில் தைக்கிற பிரஸ் பட்டன் மாதிரி, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் கழன்று வரும்.

எலும்பு எப்படி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று அடுத்து கேட்பார்கள். சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர் இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதன்மேல் வளர்ந்து இறுகிவிட்டிருந்தது. அதைக் கொண்டுதான் 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் பல்லுக்காக இம்பிளான்ட் வைத்தார். அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை, 40 வருடங்களுக்கு மேல், அவை அவருக்கு உழைத்தன.

"மேல் செட்டு நல்லாத்தான் நிக்குது. கீழ் செட்டு மட்டும் ஏன் ஆடிக்கிட்டே இருக்கு? செஞ்சவர் சரியா செய்யலையா?"

பெரும்பாலும் செய்தவர்மேல் குற்றமில்லை. மேல் செட்டுக்கு அண்ணம் முழுக்க இடம் கிடைக்கிறது. காற்றுப் புகாமல் படிந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழே நடுவில் நாக்கு இருப்பதால் ஈறின் மேடு மட்டும்தான் இடம். பேசினாலும் விழுங்கினாலும் நாக்கு செட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அதோடு, பல் போன இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகும். பல் எடுத்த முதல் வருடத்தில் அதிகமாகவும், அப்புறம் மெதுவாகவும் கரையும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் இந்தக் கரைசல் பல மடங்கு அதிகம். பத்து வருடத்துக்கு முன் அச்சாகப் பொருந்திய செட் இன்று ஆடுவதற்குக் காரணம் இதுதான். பஞ்சு வைத்தும், கடையில் விற்கும் பசையைத் தடவியும் சமாளிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். பசை சில மணி நேரம் உதவும். எலும்பு கரைவதை அது நிறுத்தாது. இம்பிளான்ட்டைச் சுற்றியுள்ள எலும்பு ஓரளவு நிலைத்து நிற்கும் என்பது அதன் பெரிய நன்மைகளில் ஒன்று.

"எத்தனை போடணும்? ஒருத்தர் ரெண்டு போதும்ங்கறாரு, இன்னொருத்தர் ஆறுங்கறாரு. யாரை நம்பறது?"

இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பேசுவது இரண்டு வேறு பொருள்களைப் பற்றி. கழற்றி மாட்டும் கீழ் செட்டுக்கு, முன்பக்கம் கோரைப் பல் இருந்த இடங்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இம்பிளான்ட் வைப்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட முறை. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-இல் கூடிய நிபுணர்கள், கீழே பல்லே இல்லாதவர்களுக்குச் சாதாரண செட்டைவிட இரண்டு இம்பிளான்ட்டில் நிற்கும் செட்டையே முதல் தேர்வாகக் கொடுக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். மேல்தாடை எலும்பு மென்மையானது. அங்கே கழற்றும் செட்டுக்கே பொதுவாகக் குறைந்தது நான்கு இம்பிளான்ட் தேவைப்படும். கழற்றவே முடியாமல் திருகி நிறுத்தும் நிலையான பல் வரிசை வேண்டுமென்றால் நான்கு, ஆறு என்று எண்ணிக்கை ஏறும், செலவும் ஏறும்.

என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன். மேல் செட் பிரச்சினை இல்லாமல் நிற்கிறது, கீழ் செட்தான் தொல்லை என்றால், கீழே இரண்டு இம்பிளான்ட் வைத்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். நிலத்தை அடகு வைத்து இரண்டு தாடைக்கும் நிலையான பல் போட்டே ஆக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், வீட்டுக்கு வந்து யோசியுங்கள். இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

"எலும்புல ஓட்டை போடறாங்களாமே. வலிக்குமா?"

பல் பிடுங்கும்போது போடும் அதே மரத்துப்போகும் ஊசிதான். எலும்பைத் துளைக்கும்போது அதிர்வும் சத்தமும் தெரியும், வலி தெரியாது. வீட்டுக்குப் போனபின் இரண்டு மூன்று நாள் வீக்கமும் வலியும் இருக்கும், மாத்திரையில் அடங்கிவிடும். பல் பிடுங்கியதைவிட இது பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அதிகம்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மறுநாள் ஆகியும் கீழ் உதடோ தாடையோ மரத்துப்போய் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அது உதட்டுக்குப் போக எலும்பைவிட்டு வெளியே வரும் இடத்துக்கு முன்புறமாக இம்பிளான்ட் வைப்பதே அதைத் தொடாமல் இருக்கத்தான். வைப்பதற்கு முன் ஸ்கேன் எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

"ஒரே நாள்ல பல்லு கட்டிடலாம்னு போர்டுல பார்த்தேன். நீங்க மாசக்கணக்கு சொல்றீங்க?"

எலும்பு இம்பிளான்ட்டைப் பிடித்து இறுகக் கீழ்த்தாடையில் 3 மாதம், மேல்தாடையில் 4 முதல் 6 மாதம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. எலும்பு நன்றாக இருந்து, திருகும் இறுக்கமாக உட்கார்ந்தால் சிலருக்கு உடனேயே பல் மாட்ட முடியும். அது உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் முடியாது. உங்களுக்கு முடியுமா என்பது எலும்பைத் துளைத்துத் திருகும் நேரத்தில்தான் உறுதியாகும். உடனே மாட்டினாலும் எலும்பு இறுகும்வரை கெட்டியானதைக் கடிக்கக் கூடாது.

"அப்போ அந்த மூணு மாசம் வாயில பல்லே இல்லாம இருக்கணுமா? தை மாசம் பொண்ணு கல்யாணம் இருக்குங்க."

வேண்டியதில்லை. தையல் ஆறச் சில நாட்கள் விட்டுவிட்டு, பழைய செட்டின் உட்பக்கத்தை அந்த இடத்தில் குடைந்து, மெத்தென்ற பொருள் வைத்துக் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்தில் தாராளமாக நிற்கலாம். விருந்தில் கடினமானதை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

"ஏற்கெனவே வெச்சிருக்கற செட்டையே இதுல மாட்டிக்க முடியாதா? புதுசு வேற செய்யணுமா?"

கீழ் செட் நல்ல நிலையில் இருந்து, மேல் பல்லோடு கடி சரியாகப் பொருந்தி, பிடிப்புகளை வைக்கும் அளவுக்குத் தடிமனும் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். பல் தேய்ந்து, விரிசல் விட்டு, கடி மாறிப்போன செட் என்றால் புதிதாகச் செய்வதே நல்லது. முதல் நாள் போகும்போதே பழைய செட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். பலர் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

"எங்கம்மாவுக்கு 74 வயசு. இந்த வயசுக்கு மேல இதெல்லாம் எதுக்குன்னு அண்ணன் சொல்றாரு."

வயது தடையில்லை. உடம்பில் உள்ள மற்ற நோய்களும், வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் கையின் பலமும்தான் கணக்கு. நம் பக்கத்துப் பெரியவர்கள் பல்லில்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ராகிக் களியை மெல்ல வேண்டியதில்லை, குழம்பில் தோய்த்து விழுங்கிவிடலாம். மூன்று வேளையும் களி, கஞ்சி, ரசம் சோறு என்று ஓடிவிடும். "அம்மா நல்லாத்தான் சாப்பிடுறாங்க" என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் கறியும் கடலையும் பச்சைக் காயும் தட்டிலிருந்து மெதுவாகக் காணாமல் போயிருக்கும். அந்தச் சத்துகள் தேவைப்படுவதே அந்த வயதில்தான். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

"சுகர் இருக்குங்க. ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையும் சாப்பிடறேன்."

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைக் கேட்பார்கள். அது 7-ஐ ஒட்டி இருந்தால் டாக்டர்கள் பெரும்பாலும் தயங்குவதில்லை. 8-ஐத் தாண்டிப் போனால் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரையில் புண் ஆறத் தாமதமாகும், கிருமித் தொற்றும் சுலபமாக வரும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் பல் வைத்தியத்துக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாத்திரைச் சீட்டைக் கொண்டு வாருங்கள். பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள்.

"எலும்பு தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டாங்க. அதை எதுக்கு இங்க கேக்கறீங்க?"

அவசியம் சொல்ல வேண்டிய விஷயம் இது. சோலெட்ரானிக் ஆசிட் என்ற அந்த ஊசியும், வாரம் ஒன்று சாப்பிடும் அலென்ட்ரோனேட் மாத்திரையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள். அரிதாகச் சிலருக்கு, இவற்றால் தாடை எலும்பில் பட்ட காயம் ஆறாமல் போகும். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவில் ஆபத்து குறைவு. புற்றுநோய்க்காக அடிக்கடி போட்டவர்களுக்கு அதிகம். கழுத்து, தாடைப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை எடுத்தவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

"நாங்க போர்த்தண்ணி குடிச்சு வளர்ந்தவங்க. ஃப்ளோரைடால பல்லெல்லாம் காவி. எலும்பும் அப்படித்தான் இருக்குமா? திருகு நிக்குமா?"

நம் இரண்டு மாவட்டத்துக்கே உரிய கேள்வி. இங்குள்ள பாறைகளிலிருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது; நம் பக்கத்துப் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளில் அந்த அளவு தாண்டியிருந்தது. ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனால்தான். 2013-இல் அது தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் இன்று பல் செட் கேட்டு வருகிறவர்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வளர்ந்தவர்கள்.

பல்லில் இருக்கும் காவிக் கறை, சிறு வயதில் பல் உருவாகும்போது எனாமலில் ஏற்பட்டது. அதை வைத்து எலும்பின் நிலையைச் சொல்ல முடியாது. கறை மட்டும் இருந்து மூட்டு, முதுகில் தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் மற்றவர்களைப் போலத்தான். எலும்பையும் தாக்கியவர்கள் விஷயம் வேறு. கழுத்து திரும்பாது, முதுகு வளையாது, மூட்டு மடங்காது. அவர்களுக்கு எலும்பு எக்ஸ்ரேயில் கெட்டியாகத் தெரியும். கெட்டியான எலும்பு என்றால் பலமான எலும்பு என்று அர்த்தமில்லை. துளைக்கும்போது சூடேறினால் எலும்புச் செல்கள் செத்துவிடும் என்பதால் தண்ணீர் அடித்துக்கொண்டு நிதானமாகத் துளைக்க வேண்டும். இறுகுவதற்கும் கூடுதல் நாள் விடுவார்கள். ஸ்கேன் பார்க்கும்போதே "நான் இந்த ஊர், இத்தனை வருஷம் போர்த்தண்ணி, கழுத்து இவ்வளவுதான் திரும்பும்" என்று சொல்லிவிடுங்கள். பல் நாற்காலியில் மல்லாந்து படுக்க முடியாதவர்களுக்குத் தலையணை வைத்து, சிகிச்சையை இரண்டு தடவையாகப் பிரித்துச் செய்ய முடியும்.

"என் பையனுக்கு 26 வயசு. காவிப் பல்லால பொண்ணு அமைய மாட்டேங்குது. எல்லாத்தையும் எடுத்துட்டு இம்பிளான்ட் போட்டுடலாமா?"

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கறை இருந்தாலும் வேர் உறுதியாக உள்ள சொந்தப் பல்லுக்கு ஈடாக எந்த இம்பிளான்ட்டும் கிடையாது. கறையின் ஆழத்தைப் பொறுத்து மேற்பரப்பைத் தேய்த்துச் சரிசெய்யலாம், வெளுக்க வைக்கலாம், பல்லின் நிறத்தில் பூச்சுப் பொருள் ஒட்டலாம், மெல்லிய மேலோடு வைக்கலாம். எதற்கும் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. மேலே எலும்பு கரைவதைப் பற்றிச் சொன்னேனே, 26 வயதில் பல்லை எடுத்தால் அந்தக் கரைசல் அன்றே தொடங்கிவிடும்.

"எனக்கு கீழ நாலு பல்லு மிச்சம் இருக்கு. அதையும் எடுக்கணும்ங்கறாங்க."

அந்த நாலும் ஆடுகின்றனவா, சீழ் வைத்திருக்கின்றனவா என்று கேளுங்கள். ஆடினால் எடுப்பதே சரி. உறுதியாக இருந்தால், வேர்சிகிச்சை செய்து, பல்லை ஈறு மட்டத்துக்கு வெட்டி, அந்த வேர்களின் மேலேயே செட்டை நிறுத்தும் பழைய முறை ஒன்று உண்டு. இம்பிளான்ட் இல்லாமலே பிடிப்பு கிடைக்கும், எலும்பும் காப்பாற்றப்படும். எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் பல்லைக் கொடுத்துவிடாதீர்கள்.

"வெத்தலை பாக்கு போடுவேன். கொஞ்சம் பொகையிலை. அதை விட்டாத்தான் ஆச்சா?"

விட்டால்தான் நல்லது. பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை எதுவானாலும் ஈறுக்கு ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பைக் கூட்டும். பாக்கு மெல்லுகிறவர்களுக்கு நாளடைவில் வாய் திறப்பே சுருங்கிப்போகலாம். அப்போது கருவியை உள்ளே நுழைக்கவே இடமிருக்காது. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ இருந்தால் பல் செட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதைக் காட்டுங்கள்.

"வெச்சதுக்கப்புறம் என்னென்ன சாப்பிடலாம்? கடலை, நாட்டுக்கோழி?"

வேகவைத்த கடலை, நன்றாக வெந்த கறி, நறுக்கிய கொய்யா, மாம்பழம் எல்லாம் வரும். செட் தூக்கிக்கொண்டு வராது என்ற தைரியம்தான் பெரிய மாற்றம். சொந்தப் பல்லின் பலம் முழுதாகத் திரும்பாது. கரும்பைக் கடித்து இழுப்பது, எலும்பைக் கடித்து உடைப்பது, பல்லால் சோடா மூடி திறப்பது எல்லாம் வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லப் பழகுங்கள்.

"ராத்திரி கழட்டணுமா? எப்படிச் சுத்தம் பண்றது?"

கழற்ற வேண்டும். ஈறுக்கும் மூச்சு விட நேரம் வேண்டும். செட்டை மென்மையான பிரஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்து, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். பல்பொடி, உப்பு, கரி எதுவும் வேண்டாம், கீறல் விழும். பிளீச்சிங் கலந்த தண்ணீர் உள்ளே இருக்கும் உலோகப் பகுதியைக் கெடுக்கும்.

செட்டைக் கழுவிவிட்டு வாயை மறந்துவிடுகிறவர்கள்தான் பின்னால் சிரமப்படுகிறார்கள். ஈறுக்கு மேலே தெரியும் அந்த இரண்டு தலைகளையும் சுற்றி, தினமும் இரண்டு வேளை மென்மையான பிரஷால் தேய்க்க வேண்டும். இம்பிளான்ட்டில் பல் சொத்தை வராது. ஆனால் அழுக்குச் சேர்ந்தால் சுற்றியுள்ள ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, எலும்பு கரைய ஆரம்பிக்கும். வலி இல்லாமலே இது நடக்கும்.

"ஒரு வருஷம் ஜம்முனு இருந்துச்சு. இப்ப லூசாயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. செட்டுக்குள் இருக்கும் பிடிப்பு நைலானாலோ ரப்பர் வளையத்தாலோ ஆனது. தேய்வதற்கென்றே இருக்கிற பாகம் அது. வருடம் ஒருமுறையோ கொஞ்சம் முன்பின்னாகவோ மாற்ற வேண்டும். சில நிமிட வேலை. மாற்றியும் ஆடினால் ஈறு வற்றி இடைவெளி விழுந்திருக்கும். செட்டின் அடியை மறுபடி ஈறோடு பொருத்தித் தருவார்கள்.

செட் ஆடுவதும் இம்பிளான்ட் ஆடுவதும் ஒன்றல்ல. செட்டைக் கழற்றிவிட்டு விரலால் தொடும்போது ஈறில் உள்ள தலைப்பகுதி அசைந்தால் தாமதிக்காமல் வாருங்கள். மேலே மாட்டிய பாகம் மட்டும் தளர்ந்திருந்தால் திரும்ப இறுக்கிவிடலாம். எலும்புக்குள் இருப்பதே அசைந்தால் அதை எடுத்துவிட்டு, இடம் ஆறியபின் வேறொன்று வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

"செலவு எவ்வளவு ஆகும்? ஏன் ஆளுக்கு ஒரு ரேட் சொல்றாங்க?"

திருகின் கம்பெனி, ஸ்கேன், அறுவை சிகிச்சை, பிடிப்புப் பாகம், செட் என்று ஐந்து செலவு இதில் சேர்ந்திருக்கிறது. ஒருவர் திருகுக்கு மட்டும் விலை சொல்வார், இன்னொருவர் எல்லாம் சேர்த்துச் சொல்வார். ஆகவே "எல்லாம் முடிந்து நான் சாப்பிட உட்காரும்வரை மொத்தம் எவ்வளவு, அதற்குப் பிறகு வருடம் எவ்வளவு" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். திருகின் கம்பெனிப் பெயரும் அளவும் கொண்ட அட்டையையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் பாகம் மாற்ற வேண்டி வந்தால் அந்த அட்டை இல்லாமல் திண்டாட்டம்தான்.

"இதுக்கு பெங்களூர்தான் போகணுமா?"

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம். பென்னாகரம், அரூரிலிருந்து போவது ஒரு நாள் வேலை. வைக்கும் நாளைவிட, அதற்குப் பிந்தைய வருகைகளை எண்ணிப் பாருங்கள். வருடா வருடம் தவறாமல் போகக்கூடிய தூரத்தில் இருப்பதே நல்ல இடம். பணம் இடித்தால் சேலத்திலும் பெங்களூருவிலும் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். பேராசிரியர்கள் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்வார்கள், நடை கூடும், செலவு குறையும்.

"எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா?"

டைட்டானியத்தால் பிரச்சினை இல்லை. செட்டைக் கழற்றிவிட்டு, இம்பிளான்ட் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். காந்தப் பிடிப்பு வைத்தவர்கள் மட்டும் ஸ்கேனுக்கு முன் பல் டாக்டரைக் கேட்க வேண்டும்.

"அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கை வரலைங்க. செட்டைக் கழட்ட முடியல, எங்களையும் விட மாட்டேங்கறாரு. என்ன பண்றது?"

பிடிப்புகளில் இறுக்கமானது, இலகுவானது என்று பல தரம் உண்டு. நிலைமையைச் சொன்னால் இலகுவானதாக மாற்றித் தருவார்கள். ஒரு விரல் நகத்தால் நெம்பினாலே வந்துவிடும். கழற்றும்போது அவரை உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வலிக்கும், அப்புறம் அவர் வாயைத் திறக்கவே மாட்டார். கழற்றப் போவதை முதலில் சொல்லிவிட்டுக் கையை வையுங்கள்.

அதுவும் முடியாத நிலை வந்தால், ஈறுக்கு மேலே உள்ள தலைகளை எடுத்துவிட்டுத் தட்டையான மூடி போட்டுவிடலாம். எலும்புக்குள் இருப்பதைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. யார் தினமும் வாய் சுத்தம் செய்கிறார்களோ, மகளோ மருமகளோ, அவரையும் அடுத்த தடவை கூட்டி வாருங்கள். எப்படித் தேய்ப்பது என்று கையைப் பிடித்துக் காட்டித் தருகிறோம்.